போன சம்பளம்

சீனியர் ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்குப் போனால் ஹெச்ஆர் முதலில் கேட்பது, “கரன்ட் சிடிசி எவ்வளவு?” எத்தனை ப்ராஜெக்ட்டைக் கரைசேர்த்தீர்கள் என்பதெல்லாம் பிறகுதான். சொன்ன தொகைக்கு மேல் ஒரு முப்பது சதவீதம் போட்டு ஆஃபர் வரும். ஆக, சம்பளம் போன சம்பளத்திலிருந்துதான் பிறக்கிறது. 2009 மந்தத்தில் காலேஜ் முடித்து, கிடைத்த தொகைக்குச் சேர்ந்தவர் அந்த வருடத்தை இன்னும் சுமக்கிறார். கலிஃபோர்னியாவில் 2018 முதல் இந்தக் கேள்வியே சட்டப்படி தவறு. நம்மூரில் பே ஸ்லிப்பும் சேர்த்துக் கேட்பார்கள்.

கம்பெனி மாறினால் ஏறும். மாறுவது துணிச்சல், அதற்குக் கூலி உண்டு என்பார்கள். பாடுபடும் குணம்கூட ஓரளவு குடும்பமும் சூழலும் தந்ததுதான் என்று 1971-இல் வந்த தன் நீதி பற்றிய புத்தகத்தில் வாதிட்டார் ஜான் ரால்ஸ். ராத்திரி இரண்டு மணிக்கு ரிலீஸ் பார்ப்பவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் துணிச்சல் விஷயத்தில் நான் ரால்ஸ் பக்கம்தான். வீட்டு லோனும் அப்பாவின் டயாலிசிஸும் உள்ளவருக்கு வேலை மாறுவது லேசுப்பட்ட காரியமா?

அப்படி ஒருவர், பதினைந்து வருடமாக ஒரே கம்பெனியில் இருப்பவர், “வெளிய என்ன ரேட் போகுதுப்பா?” என்று என்னிடம் கேட்டார். வெளியிலிருந்து வந்த பக்கத்து டீம் மேனேஜர் வாங்குவது எனக்குத் தெரியும்; ஏறக்குறைய இரட்டிப்பு. சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஆஃபர் லெட்டரில் ஒரு வரி உண்டு. அது காப்பாற்றுவது கம்பெனியின் பட்ஜெட்டை. பெயர் சொல்லாமல் தொகையை மட்டும் சொன்னேன். யாருடையது என்று அவர் ஊகித்திருக்கலாம். அது ஒன்றுதான் உறுத்துகிறது.