ஏணிக்கு மேலே யாருடைய வீடு?

மும்பையின் தாராவிச் சந்துகளில் வீட்டைப் பின்பக்கம் நீட்ட முடியாது. அங்கே அடுத்தவர் சுவர் நிற்கிறது. அதனால் வீடு மேலே வளர்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு மாடி. ஊரிலிருந்து யாராவது வேலை தேடி வந்தால் அதற்கும் மேலே தகரக் கூரையோடு ஓர் அறை. ஏறிப்போக வெளிச்சுவரில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. குடிசைப்பகுதி வீடு 14 அடிக்கு மேல் உயரக் கூடாது என்பது மாநகராட்சி விதி. ஏணி அதைத் தாண்டிப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

அந்த ஏணியைப் பற்றித்தான் இப்போது ஓர் அறக்கேள்வி எழுந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்றால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். மாடியில் இருப்பவர் என்றால், 2022 நவம்பர் 15-க்கு முன் வந்திருந்தால், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதுவும் வாடகைக்கு அல்லது தவணைக்கு. ஒரே கதவு எண், ஒரே தண்ணீர்க் குழாய். ஆனால் கீழே இருப்பவர் ஊர்க்காரர், மேலே இருப்பவர் வந்துபோகிறவர்.

ஒருவர் வாழும் இடத்தை அவருடைய வீடாக்குவது எது? அது மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதா, அதற்குள் நடந்த வாழ்க்கையா?

உயரத்துக்கும் பின்கட்டுக்கும் விதி வைப்பதே கொடுமை என்று சொல்லிவிட முடியாது. மத்திய ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் மாட்டுங்கா அதற்குச் சாட்சி. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. இருளடைந்த நெருக்கடியான குடியிருப்புகளைத் திருத்த 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. பின்னாளில் தமிழர்கள் திரளாகக் குடியேறிய மாட்டுங்காவின் தெருக்களை வகுத்ததும் அதுதான். அதன் தலைவராக இருந்த ஜே.பி. ஆர் வலியுறுத்திய விதி ஒன்று உண்டு: ஒவ்வோர் அறைக்கும் 63½ பாகைக் கோணத்தில் வானம் திறந்திருக்க வேண்டும். எளிய கணக்கில், எதிரே நிற்கும் கட்டடத்தின் உயரத்தில் பாதியாவது இடையில் வெற்றிடம் தேவை. 30 அடிக் கட்டடம் என்றால் 15 அடி.

பின்கட்டை நீட்டி இன்னோர் அறை எடுக்க நினைப்பவரிடம் இந்த விதி நியாயமாகத்தான் பேசுகிறது. மனை உன்னுடையது, அதன் மேலிருக்கும் வெளிச்சம் பின்வீட்டுக்காரருக்கும் சேர்ந்தது. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், உழைப்பைச் செலுத்தியவருக்கே பொருள் சொந்தம் என்றபோது ஒரு நிபந்தனையும் வைத்தார்: மற்றவர்களுக்குப் போதுமான அளவும் அதே தரமும் மிஞ்ச வேண்டும். மாட்டுங்கா அந்த நிபந்தனையைப் பாகையில் அளந்தது.

அந்த அளவுகோலில் தாராவியின் மாடிகள் தவறுகின்றன. கீழ்வீடுகளில் நண்பகலிலும் விளக்கு எரிகிறது. ஆனால் அந்த வெளிச்சக் கடன் யாருடையது? பல வீடுகளில் மாடியை எழுப்பி வாடகை வாங்கியவர் கீழே இருப்பவர். அவருக்கு வீடு இலவசம். வாடகை கொடுத்தவருக்குத்தான் வெளியேற்றம்.

குறளின் நிலையாமை அதிகாரம் இரண்டு சொற்களைத் தருகிறது. ஒதுங்கியிருக்கும் இடம் துச்சில், புகுந்து நிலைக்கும் இடம் புக்கில். உடம்பில் உயிர் இருப்பதே துச்சிலில் இருப்பதுதான் என்கிறார் வள்ளுவர். அவர் பார்வையில் எல்லாருமே ஒண்டுக்குடித்தனம். சிலரை மட்டும் ஒண்டவந்தவர்களாகப் பிரிக்கும் தேதி எதுவும் அங்கே கிடையாது. அரசாங்கம் அப்படி இருக்க முடியாது, அது எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணட்டும். ஆனால் ஏணியின் படிகளை வைத்து மனிதரின் உரிமையை எண்ணுவதற்கு என்ன நியாயம்?

1985-இல் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. மனுதாரர்களில் ஒருவர் 1961-இல் சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, நடைபாதையில் பிளாஸ்டிக் கூரைக்கடியில் குடும்பம் நடத்திய கூலித் தொழிலாளி. நடைபாதை அவருடையது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடக்கம் என்றது. மாடி அறையில் மாவரைத்து, விடியும் முன் இட்லிப் பாத்திரத்தோடு ஏணியில் இறங்குபவருக்கு, தாராவிக்கு வெளியே கிடைக்கும் 300 சதுர அடியில் பிழைப்பு எங்கே இருக்கும்?

வெளியே போனவர்களுக்கு வெளிச்சமாவது கிடைத்ததா? செம்பூரை அடுத்த கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டில், இடம்பெயர்ந்தவர்களுக்கென எழுந்த ஏழு மாடிக் கட்டடங்களுக்கு இடையே இருப்பது வெறும் 3 மீட்டர். அங்கே பரவிய காசநோய்க்கும் வெயிலும் காற்றும் புகாத வீடுகளுக்கும் தொடர்பு இருப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏழையின் தகர மாடியை 14 அடியில் நிறுத்தச் சொல்லும் நகரம், அவரைக் குடியேற்றும்போது 63½ பாகையை மறந்துவிடுகிறது.

மாடிக் குடும்பங்களுக்கும் தாராவிக்குள்ளேயே வாடகை வீடு தரட்டும். அந்த வீடுகளை மாட்டுங்காவின் கோணம் பார்த்துக் கட்டட்டும். கணக்கெடுப்பாளர் ஏணிக்குக் கீழே நின்று எழுதும் படிவத்தில் இவை இரண்டுக்கும் இன்னும் இடமில்லை.