காலிக் கட்டம்

வியாழக்கிழமை மதியம் விமானம். இன்று செவ்வாய், இரவு பத்தரை. ஜனவரிப் பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கின் விளக்குகள் மஞ்சள் கறைகளாகத் தெரிகின்றன. அம்மாவின் காகிதங்களைக் கட்டிலில் பரப்பிவைத்து உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்போர்ட், விசாத் தாள், டிக்கெட், ஆதார், மருந்துச் சீட்டு, ஷார்ஜாவில் தம்பி வீட்டு முகவரி. ஏழெட்டுத் தாள்கள்தான். ஒன்றரை மணி நேரமாக அவற்றையே எடுத்து எடுத்து வைக்கிறேன்.

டெல்லி விமான நிலையத்தின் மூன்றாவது டெர்மினல் வாசலிலேயே சிஐஎஸ்எஃப் காவலர் நிற்பார். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். என்னிடம் டிக்கெட் இல்லை. ஆகவே அந்த வாசல்வரைதான் நான். அதற்கு அப்பால் அம்மாவுக்காகப் பேசப்போவது இந்தத் தாள்கள். அவளுக்கு இந்தி அரைகுறை, ஆங்கிலம் கிடையாது. ஓர் எழுத்துப் பிசகினாலும் நின்று வாதாட அவளால் ஆகாது.

*

ஒரு வருஷத்துக்கு முன்பே போயிருக்க வேண்டியவள். தம்பிக்குக் குழந்தை பிறந்தது 2022 டிசம்பரில். பிரசவ நேரத்தில் கூட இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. விசாவுக்காகக் காகிதங்களைக் கொடுத்திருந்த ஏஜென்ட் ஒரு நாள் போன் செய்து, "பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதே" என்றார். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா, வருகை விசா கிடையாது என்று 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் விதி கொண்டுவந்திருந்தது. சில நாட்களில் ஒரு தளர்வும் வந்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்றார்கள். அது யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் கிடைத்தது. அந்தக் குழப்பத்துக்குள் அம்மாவைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பயணத்தைத் தள்ளிவைத்தோம். பேரனின் முதல் ஒரு வருஷத்தை அவள் போனில் பார்த்தாள்.

2014இல் அந்த விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். சர்நேம் என்று கேட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, விட்டுவிட்டேன். இல்லாததை எப்படி எழுத? நமக்கு இருப்பது இனிஷியல். பெயருக்கு முன்னால் அப்பா ஓர் எழுத்தாக நிற்பார். கல்யாணமானால் அந்த எழுத்து மாறும். அந்தக் கட்டம் நமக்குக் காலியாக இருப்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மெல்ல மெல்ல விட்டார்கள். டெல்லிக்கு வந்த புதிதில் "பூரா நாம்? சர்நேம்?" என்று முழுப்பெயரைக் கேட்கும்போதெல்லாம், கேட்பவர் தேடுவது என் சாதியைத்தான் என்று புரிய எனக்கு நாளாயிற்று. இங்கே அலுவலகத்தில் முப்பது வருஷமாக என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதையும் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன். காலிக் கட்டத்தில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையின் விலையை அம்மா கொடுத்தாள்.

*

பாஸ்போர்ட்டில் அம்மா பிறந்தது 1.6.1949. அவள் உண்மையில் பிறந்தது ஒரு மார்கழியில், கேட்டை நட்சத்திரத்தில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்களாம். தொட்டாள். வாத்தியார் ஜூன் முதல் தேதி என்று எழுதிக்கொண்டார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969இல். அதற்கு இருபது வருஷம் முந்தியவள் அவள். எங்கள் ஊரில் அவள் வயதுக்காரர்கள் பலருக்கும் ஜூன் ஒன்றுதான் பிறந்த நாள்.

கேட்டை நட்சத்திரத்தை எந்தக் கவுண்டரிலும் கேட்கப்போவதில்லை. எல்லாத் தாளிலும் அந்த ஜூன் ஒன்று ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறது, பார்த்துவிட்டேன். பெயர்தான் படுத்தியது. அம்மா பெயரில் ஒரு 'த' வருகிறது. ஊரில் வாங்கிய வாக்காளர் அட்டையில் அதற்கு ஆங்கிலத்தில் 'டி'யோடு 'எச்' சேர்த்திருந்தார்கள். டெல்லியில் எடுத்த தாளில் வெறும் 'டி'. வடக்கே அந்த 'எச்' தேவைப்படுவதில்லை. அந்த ஓர் எழுத்தைத் திருத்த நான்கு முறை விடுப்பு எடுத்தேன்.

*

எங்கள் வீட்டிலிருந்து பாஸ்போர்ட் அலுவலகம் தூரமில்லை. பிக்காஜி காமா ப்ளேஸ். வெளியே ஜெராக்ஸ் கடைகள், கையில் பிளாஸ்டிக் உறையோடு நிற்கும் கூட்டம். எத்தனையோ முறை அதைக் கடந்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறேன். பிக்காஜி காமா என்ற பெயர் யாருடையது என்று நினைத்துப் பார்த்தது அம்மாவோடு அங்கே காத்திருந்த நாளில்தான்.

மேடம் காமா 1902இல் சிகிச்சைக்காக இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1907இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் நடந்த சோஷலிஸ்ட் மாநாட்டில் இந்தியாவுக்கென்று ஒரு கொடியை உயர்த்திக் காட்டினார். திரும்பி வர வேண்டுமானால் அரசியலில் ஈடுபட மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும் என்றது ஆங்கில அரசு. அவர் வெளிநாட்டிலேயே இருந்தார், பெரும்பாலும் பாரிஸில். பக்கவாதம் வந்து, எழுபத்து நான்கு வயதான பிறகு, 1935இல்தான் அவரால் பம்பாய்க்கு வர முடிந்தது. மறு வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார். ஒரு கையெழுத்துக்காக முப்பத்து மூன்று வருஷம் வீடு திரும்பாதவரின் பெயர் சொல்லும் இடத்தில்தான் டெல்லிக்காரர்கள் பாஸ்போர்ட் வாங்குகிறார்கள். அன்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாவம், எழுபத்து நாலா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் பாஸ்போர்ட் என்பது அரசு இஷ்டப்பட்டால் தருவது, இல்லாவிட்டால் இல்லை என்றே இருபது வருஷம் இருந்தது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு போவதும் ஒருவரின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அப்படிச் சொன்னார்கள், இருவர் உடன்படவில்லை. அந்த வருஷமே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. கவுண்டருக்கு முன்னால் கைகட்டி நிற்கும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பை அவர்கள் காதில் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

*

அம்மாவின் கட்டத்தை அப்பாவின் பெயரால் நிரப்பினோம். அப்பா போய் ஆறு வருஷம். கல்யாணத்தைப் பதிவு செய்யாத தலைமுறை. அதனால் கொண்டுபோன தாள்களில் அவருடைய இறப்புச் சான்றிதழும் இருந்தது. அவர் இல்லை என்ற தாளைக் காட்டித்தான் அவர் பெயரை அவளோடு சேர்த்தோம்.

கவுண்டரில் இருந்த பெண் அன்பாகவே கேட்டாள்: "மாதாஜி, பூரா நாம் போலியே."

அம்மா தன் பெயரைச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஐம்பது வருஷம் குடித்தனம் செய்தவர் பெயரை அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. 'உங்கப்பா', 'அவங்க', ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவது. அந்தப் பெயர் இப்போது அவள் பெயரில் பாதி. நான் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தலையசைத்து எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சொல்ல நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

*

இன்று சாயங்காலம் புதுப் பாஸ்போர்ட்டை அவளிடம் கொடுத்து, "கேட்டால் சொல்லணும்மா" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் எழுந்திரிக்கணும்?" என்றாள். இரண்டில் எதைச் சொன்னாலும் என்றேன். சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, குழாய்ச் சத்தத்துக்கு நடுவில், அப்பாவின் பெயர் கேட்டது. மெதுவாக, எழுத்துக்கூட்டுவது போல. இரண்டாம் முறை கொஞ்சம் தெளிவாக. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அசல்கள் ஒரு பையில், கழுத்தில் மாட்டிக்கொள்வதற்கு. நகல்கள் பெட்டியின் அடியில், இன்னொரு செட் என்னிடம். எல்லாவற்றையும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியாயிற்று. பாஸ்போர்ட் இன்னும் ஒன்பது வருஷத்துக்குச் செல்லும். பல நாடுகள் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்று பார்க்கின்றன. ஒரு துண்டுத் தாளில் தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: முதலில் எதைக் காட்டுவது, அடுத்து எதை, யாருடைய போன் நம்பர் எது.

உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பாஸ்போர்ட் வைத்திருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அதை ஒரு தடவை திறந்து பாருங்கள். சர்நேம் என்ற இடம் காலியாக இருந்தால் இந்த மாதமே சரிசெய்யத் தொடங்குங்கள். எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது.