காடும் உரிமையும்: பொது நிலத்து வேட்டை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

‘எல்லோருக்கும் உரியது’ என்பதும் ‘எவருக்கும் உரியதன்று’ என்பதும் ஒரு பொருள் தரும் தொடர்களா? நாவளவில் இவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாடு மிகச் சிறிது. ஆயின் ஒரு மனிதன் கையில் கத்தியும் சுருக்குக் கம்பியுமாகக் காட்டினுள் நுழையும் வேளையில், அவன் இவற்றுள் எதனை நம்புகிறான் என்பதைப் பொறுத்தே அவனுடைய ஒழுக்கம் அமைகின்றது. பொது நிலத்து வேட்டை பற்றிய அறவியற் சிக்கலின் வேர் இங்கேயே உள்ளது.

இச்சிக்கலை ஆராய்வதற்கு ஊவா மாகாணத்தைவிடப் பொருத்தமான களம் பிறிதொன்றில்லை எனலாம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவே என்று விதித்தது. தலைமுறை தலைமுறையாக விறகும் தேனும் இறைச்சியும் எடுத்துவந்த கிராமத்தவன் ஒரே நாளில் அயலானானான். அதே காலத்தில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கிய மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் எனச் சொல்லப்படுகின்றது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். துரை கொன்றால் அது வீர விளையாட்டு. ஏழை கொன்றால் அது களவு. பொது நிலம் என்ற கருத்து இந்நாட்டிலே பிறந்தபோதே இவ்விரட்டை நீதியையும் உடன்கொண்டு பிறந்தது.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளைத் தோட்டங்களில் வாழ்ந்த தொழிலாளிக்கோ பொது நிலம் என்பதே அனுபவத்தில் இல்லாத ஒன்று. அவன் உறங்கிய லயம் தோட்டத்துடையது. அவன் நட்ட கீரைப்பாத்தியின் மண்ணும் தோட்டத்துடையது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை பலர் அந்நிலையிலேயே வாழ்ந்தனர். பொது நிலம் பொதுமக்களுக்கு உரியதெனின், பொதுமக்களுள் ஒருவனாக எண்ணப்படாதவனுக்கு அதில் என்ன பங்கு? சட்டம் இவ்வினாவுக்கு விடை கூறவில்லை.

1970களில் தோட்டங்களில் நேர்ந்த பஞ்சமும், 1977ஆம் ஆண்டின் வன்செயலும் இம்மக்களிற் பலரை வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களுக்குப் பெயர்த்தன. குளிர்ந்த மலையிலிருந்து வெயில் காயும் சமவெளிக்கும், கணக்கப்பிள்ளையின் பெயரேட்டிலிருந்து கணக்கற்ற காட்டுக்கும் அவர்கள் வந்துசேர்ந்தனர். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் பழகிய கைகள் காடு வெட்டவும் கச்சான் விதைக்கவும் பழக வேண்டியதாயிற்று. மரையும் மானும் பன்றியும் நடமாடும் காடு வேலியின்றிக் கண்முன்னே கிடந்தது.

அத்தகைய குடியேறி ஒருவனைக் கற்பனையில் நிறுத்திப் பார்ப்போர், அவன் மனத்தில் இரண்டு வாதங்கள் எழுவதைக் காண்பர். ‘இது எவருடைய நிலமுமன்று, ஆகவே முந்தியவன் எடுத்துக்கொள்ளலாம்’ என்பது ஒன்று. ‘என் பிள்ளைகள் பசித்திருக்கின்றனர், ஆகவே எனக்கு உரிமையுண்டு’ என்பது மற்றொன்று. இவை ஒன்றுபோலத் தோன்றினும் அடிப்படையில் முரண்பட்டவை. முதலாவது வாதத்துக்கு எல்லையே இல்லை. இரண்டாவது வாதமோ தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்கிறது. பசி உரிமை தருமாயின், பசி தீர்ந்த இடத்தில் அவ்வுரிமையும் தீர்ந்துவிடுகின்றது. அதற்குமேற் கொன்று சந்தைக்கு அனுப்பும் இறைச்சியைப் பசியின் பெயரால் நியாயப்படுத்துதல் இயலாது.

முதலாவது வாதத்தின் பிழையை ஊவாவின் ஆதிக்குடிகளே எடுத்துக்காட்டுகின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்வுநூல், வேடர் குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேட்டை நிலங்கள் இருந்தமையையும், ஒருவர் எல்லையை மற்றவர் மதித்தமையையும் பதிவுசெய்கின்றது. வெளியார் கண்ணுக்கு வெறுங்காடாகத் தெரிந்தது உள்ளே வாழ்ந்தோருக்கு வரம்புகள் நிறைந்த வீடாக இருந்தது. வன்னியிலும், காட்டுவழியிற் செல்வோர் குழை முறித்து வைத்துத் தெய்வத்தை வணங்கும் வழக்கம் இருந்தது. குழை வைப்பதால் விலங்கு அகப்படுமா என்பது அறிவியல் வினா. அனுமதி கேட்டு நுழைய வேண்டிய இடம் இது என்ற உணர்வை அச்செயல் வளர்க்கின்றது என்பதே அறவியல் உண்மை. புதிதாக வந்தவன் கற்க வேண்டிய முதற்பாடம் விலங்கின் தடமன்று. முன்னரே அங்கு வாழ்ந்தோரின் வரம்பு.

கருவியும் அறத்தின் பாற்பட்டதே. காத்திருந்து வேட்டையாடுபவன் தான் கொல்லப்போவது யாதெனக் காண்கிறான். சினைப்பட்ட மானைக் கண்டு கையை மடக்கவும் அவனால் இயலும். கம்பிச் சுருக்குக்கோ கண் இல்லை. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டு, மீட்கப்பட்ட சில நாள்களில் இறந்தது. மலையகத் தோட்டங்களிற் பன்றிக்கென வைக்கப்படும் சுருக்குகளிற் சிறுத்தைகள் மடிவது தொடர்கதையாயிற்று. கொல்ல எண்ணாததைக் கொன்றவன் ‘நான் அறியேன்’ எனக் கூறித் தப்ப முடியுமா? அறியாதிருக்கும் வண்ணம் ஒரு கருவியைத் தெரிந்தெடுத்தமையே அவனுடைய குற்றமாகின்றது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழும். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்க, அறம் பற்றிய ஆராய்ச்சி எதற்கு? சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தாற் போதாதா என்பர். சட்டம் இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. ஆயின் காடு பொதுவுக்குரியது எனக் கூறிக் காவல் பூணும் அரசும் அதே உரைகல்லில் உரைக்கப்பட வேண்டும். 1983இல் மதுறு ஓயாப் பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, அங்கு வாழ்ந்த வேடர்கள் ஹெனானிகல முதலிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். முதியவர் திசாகாமியும் சில குடும்பங்களும் மட்டும் மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானையை விட்டு அகல மறுத்தனர். மகாவலித் திட்டத்துக்காகப் பெருங்காடுகளை அழித்த கையே, உடும்பு பிடித்தவனைக் குற்றவாளியாக்கியது. பெரும் அழிவை வளர்ச்சி என்றும், சிறு வேட்டையைக் குற்றம் என்றும் பெயரிடும் சட்டத்துக்கு மக்கள் அஞ்சக்கூடும், அதனை மதியார்.

இனி, உயிர்க்கொலை எவ்வடிவிலும் பாவமே என்போர் உளர். வள்ளுவர் கொல்லாமையை ஓர் அதிகாரமாகவே வகுத்தார். எனினும் அவ்வதிகாரத்திலேயே உள்ளதைப் பகிர்ந்துண்பதனை அவர் தலையாய அறமாக வைத்தமை சிந்திக்கத்தக்கது. பகிர்வு அற்ற சமூகத்திலேதான் பசித்தவன் சுருக்குக் கம்பியை நாடுகின்றான். அவனுக்கு நிலமும் கூலியும் கிடைக்கச் செய்யாது, கொல்லாமையை மட்டும் போதிப்பது நிறைந்த வயிற்றின் அறமாகவே முடியும்.

ஆகவே, பொது நிலத்தின் மீதான உரிமை பிறப்பினாலோ முந்தி வந்தமையாலோ மட்டும் உண்டாவதன்று. நேற்று வந்தவனுக்கும் அதிற் பங்குண்டு. ஆயின் அப்பங்கு அந்நிலத்தைக் காக்கும் பொறுப்போடு சேர்ந்தே வருகின்றது. ‘எவருக்கும் உரியதன்று’ என்பவன் எடுப்பதை மட்டும் அறிவான். ‘எல்லோருக்கும் உரியது’ என்பவனோ விட்டுவைப்பதையும் அறிவான். எடுத்ததை அயலானோடு பகிர்ந்துகொள்ளவும், இன்னும் பிறவாதவனுக்கென மிச்சம் வைக்கவும் அவன் கடமைப்பட்டவன். தலைமுறைகளாகச் சொந்தமென ஒரு பிடி மண்ணும் இன்றி வாழ்ந்த மக்கள் இவ்வேறுபாட்டைப் பிறரைவிட நன்கு உணரத்தக்கவர்கள். தம்மை எவருக்கும் உரியரல்லர் என ஒரு நாடு ஒதுக்கியபோது நேர்ந்த துன்பம் எத்தகையது என்பதை அவர்கள் அறிவார்கள் அல்லவா?