புணே சேலஞ்சரும் வினைப்பயனும்

ஆடவர் டென்னிஸில் ஏடிபி தொடருக்கு அடுத்த கீழ்ப்படியில் இருப்பவை சேலஞ்சர் போட்டிகள். ஒற்றையர் பிரிவில் இந்தியர்கள் பலர் இந்தப் படியில் பட்டம் வென்றிருக்கிறார்கள். உழைப்பின் மதிப்பு அதன் பயனில் இருக்கிறதா, செயலிலேயே இருக்கிறதா என்ற பழைய கேள்வியை இப்போட்டிகள் எழுப்புகின்றன.

2017 நவம்பரில் புணேயின் பாலேவாடி அரங்கில் நடந்த சேலஞ்சர் இறுதி ஆட்டத்தில் இரு இந்தியர்கள் மோதினர். முதல் செட்டை 6-4 எனச் சென்னையின் ராம்குமார் ராமநாதன் கைப்பற்றினார். அடுத்த இரண்டையும் 6-3, 6-4 என யூகி பாம்ப்ரி வென்று பட்டம் பெற்றார். ராம்குமாருக்கு முதல் சேலஞ்சர் பட்டம் 2021இல் பஹ்ரைனின் மனாமாவில்தான் கிடைத்தது. அது அவருடைய ஏழாவது சேலஞ்சர் இறுதி ஆட்டம்.

பயனே அளவுகோல் என்றால் முந்தைய ஆறும் வீண். புணேயில் வாழ்ந்த விடுதலைப் போராட்டத் தலைவர் திலகர் இதை ஏற்கமாட்டார். மாண்டலே சிறையில் எழுதி 1915இல் வெளியிட்ட ‘கீதா ரகசிய’த்தில், பற்றின்றித் தொடர்ந்து செயலாற்றுவதே கீதையின் சாரம் என்று அவர் வாதிட்டார். திருக்குறளோ பயனைத் தீர்மானிக்கும் ஊழுக்கு ஓர் அதிகாரமும் விடாமுயற்சியைப் போற்றும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தந்து இரண்டையும் ஏற்கிறது.

ஆனால் தரவரிசைப் புள்ளி இல்லாமல் பெரிய போட்டிகளில் பொதுவாக இடம் கிடைக்காது. ஆகவே ஆட்டக்காரர் பயனை நாடலாம். தம் உழைப்பின் மதிப்பை அதைக்கொண்டு மட்டும் அளக்கலாகாது.