கஞ்சி ஏன் கருகியது?

1826-இல், இங்கிலாந்தில் வெளிவந்த சிறுவர் பத்திரிகை ஒன்றில், தம் பள்ளியில் படித்த பதினொரு வயதுச் சிறுமியின் சாவைப் பற்றி அதன் ஆசிரியர் எழுதினார். அவர் ஒரு பாதிரியார். பள்ளியை நிறுவியவரும் அவரே. துக்கத்தைக் காட்டிலும் நிம்மதிதான் அந்த எழுத்தில் தெரிகிறது. இரட்சிப்பு அடைவாள் என்று எந்தப் பிள்ளைமேல் தமக்கு அதிக நம்பிக்கை இருந்ததோ, அந்தப் பிள்ளையையே எடுத்துக்கொண்டதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். ஆசிரியர் பெயர் கேரஸ் வில்சன். பத்திரிகையின் பெயர் 'சில்ட்ரன்ஸ் ஃப்ரெண்ட்' – குழந்தைகளின் நண்பன்!

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், யார்க்‌ஷயரின் ஹாவர்த் என்ற மலைக்கிராமத்தில், இன்னொரு பாதிரியார் தம் மகனுக்கு மரப் பொம்மைச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அந்த வீட்டில் அப்போது நான்கு பிள்ளைகள். முந்தைய ஆண்டு வரை ஆறு பேர். மூத்தவர்கள் மரியாவும் எலிசபெத்தும் கோவன் பிரிட்ஜில் இருந்த கேரஸ் வில்சனின் பள்ளியில்தான் படித்தார்கள். காசநோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 1825 மே மாதம் ஒருத்தி, ஜூன் மாதம் ஒருத்தி என்று செத்துப் போனார்கள். பதினொரு வயது, பத்து வயது.

மிஞ்சிய நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயைப் பிடுங்கிக்கொண்டார்கள். பத்து வயது சார்லட் பிராண்ட்டி எடுத்த பொம்மைக்கு வெலிங்டன் பிரபு என்று பெயர். தம்பி பிரான்வெல் எடுத்தது நெப்போலியன். சிப்பாய்கள் கடல் கடந்து போய் 'கண்ணாடி நகரம்' கட்டினார்கள், போர் செய்தார்கள், செத்தார்கள். பிள்ளைகள் நால்வரும் அந்த உலகத்தின் பூதங்கள். அரபுக் கதைகளில் படித்த பூதங்களுக்குத் தங்கள் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். செத்த சிப்பாய்களை எழுப்பிவிடுவது அந்தப் பூதங்களின் வேலை.

செத்தவரை எழுப்பும் அதிகாரம் கிடைத்ததும் ஒரு பத்து வயதுப் பெண் அதை வைத்து என்ன செய்தாள்? எழுப்பினாள். அதே அதிகாரம் ஒருவரிடம் இருப்பதாகத்தான் கேரஸ் வில்சனும் பிரசங்கம் செய்தார். ஆனால் அவர் அச்சிட்ட கதைகளில் அது பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் வேலை செய்தது. கீழ்ப்படியாத பிள்ளை சாகும், பாடம் கற்பிக்க. பக்தியுள்ள பிள்ளையும் சாகும், சொர்க்கத்துக்குப் போக. இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதில் ஒழுக்கம் இருக்கிறது என்று பக்தர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தப் பெண் நாத்திகி அல்ல. கிறித்தவராகப் பிறந்து, கிறித்தவராக வாழ்ந்து, தந்தையின் உதவிப் பாதிரியாரையே மணந்து, 1855-இல் விசுவாசத்தோடு செத்தவர். நம் கட்சிக்கு இழுக்க முடியாத ஆள் என்பதால்தான் இவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பதின்ம வயதில் இவருடைய நாள் எப்படிப் போனது? காலையில் தந்தையிடம் பாடம். பிறகு அத்தை மேற்பார்வையில் தையல். மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் பின்னால் விரியும் புதர்க்காட்டு மேட்டில் நடை. மாலையில் சமையலறை, வேலைக்காரக் கிழவி டாபி சொல்லும் மோகினிக் கதைகள். இரவு குடும்பப் பிரார்த்தனை. வீட்டு முன்வாசலில் கல்லறைத் தோட்டம். படிப்புக்குப் பஞ்சமில்லை: வேதாகமம், பன்யன், ஸ்காட், பைரன், இரவல் வாங்கிய 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகை, லீட்ஸ் நகரத்துச் செய்தித்தாள்கள். பைரனைப் படிக்காதே என்று அந்தப் பாதிரியார் தடுக்கவில்லை. நல்ல அப்பா. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுத்து இதற்கிடையில் நடந்தது. கிடைத்த காகிதத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, நூலால் தைத்து, அச்செழுத்து மாதிரியே பொடிப்பொடியாக எழுதிய புத்தகங்கள். பொம்மைச் சிப்பாய்கள் படிக்க வேண்டுமே, அதனால் அந்த அளவு. பெரியவர்கள் கண்ணுக்கு அது எளிதில் பிடிபடாது என்பது கூடுதல் வசதி. பதின்மூன்று வயதில் சார்லட் நடத்திய 'இளைஞர் பத்திரிகை'யில் கதை, கவிதை, விளம்பரம் எல்லாம் உண்டு. அதன் ஓர் இதழை 2019-இல் பாரிஸ் ஏலத்தில் ஹாவர்த் அருங்காட்சியகம் 6,00,000 யூரோவுக்கு எடுத்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் கதை 'அங்க்ரியா' என்ற ராஜ்யத்துக்கு நகர்ந்தது. அதன் அரசன் சமோர்னா அழகன், கொடுங்கோலன், ஆசைநாயகிகள் வைத்திருப்பவன். எழுதியவர் பாதிரியார் மகள்.

இந்தக் கற்பனையைச் சொக்கத் தங்கம் என்று நான் தூக்கிவைக்கப் போவதில்லை. கண்ணாடி நகரம் எழுந்தது மேற்கு ஆப்பிரிக்கக் கரையில். அந்த மண்ணுக்குரிய அசாந்தி மக்கள் கதையில் எதிரிகள். வெள்ளைக்காரச் சிப்பாய் அடித்துப் பிடித்த இடம்தான் நாகரிகம். பூதங்களுக்கும் பிறந்த நாட்டின் குணம் ஒட்டிக்கொள்கிறது.

தந்தை பேட்ரிக்கும் கதை எழுதியவர்தான். 1815-இல் வந்தது 'காட்டுக்குள் குடிசை'. ஏழைப் பக்திப்பெண் ஒருத்தி; அவளைக் கெடுக்க நினைக்கும் பணக்கார இளைஞன்; அவன் மனந்திரும்புகிறான், கல்யாணம் நடக்கிறது. இதை இன்று ஆராய்ச்சி மாணவர்களைத் தவிர யாரும் படிப்பதில்லை. காரணம் மதமல்ல, முடிவு முதலிலேயே தீர்மானமாகிவிட்டது என்பதுதான். அவன் திருந்துவான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தபின் அவனுக்கு மனச்சாட்சி எதற்கு? நம் மேடைகளில் போட்ட சில பிரச்சார நாடகங்களும் இதே அச்சுதான். கடைசிக் காட்சியில் குடுமியை அறுத்துவிட்டு அய்யர் மகன் வசனம் பேசுவான், கைதட்டல் விழும், வீட்டுக்குப் போனால் யாருக்கும் எதுவும் மாறியிருக்காது. மதமாற்றக் கதையைக் கேலி செய்யும் நாம் நம் கதையின் கடைசிக் காட்சியையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்.

சார்லட்டுக்குத் தண்டனை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1835-இல், பத்தொன்பது வயதில், ரோ ஹெட் என்ற பள்ளிக்கு ஆசிரியையாகப் போனார். இலக்கணம் சொல்லிக்கொடுக்கும்போதே அங்க்ரியா கண்முன் வந்து நிற்கும், பிள்ளை ஒருத்தி சந்தேகம் கேட்டுக் கலைப்பாள், எரிச்சல் வரும். அந்த எரிச்சலைக் குறித்து வைத்திருக்கிறார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கற்பனையில் மூழ்குவதே பாவமோ, தான் மீட்கப்பட முடியாதவளோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பக்தியான தோழிக்கு அந்நாட்களில் எழுதிய கடிதங்கள் நெடுகவும் இந்த நடுக்கம். யாருக்கு என்ன கெடுதல் செய்தார்? இல்லாத ஊரில் இல்லாத அரசனைப் பற்றி நினைத்தார். பள்ளியில் பிள்ளைகளை அரைவயிற்றோடு வைத்திருந்தவர் நிம்மதியாகப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். கதை யோசித்தவருக்கு நரக பயம். இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்தது எந்த ஒழுக்கம்?

1847-இல் வந்த 'ஜேன் அயர்' இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்ட நாவல். அதில் வரும் லோவுட் பள்ளி கோவன் பிரிட்ஜ். பாதிரியார் பிராக்கிள்ஹர்ஸ்ட் யாரென்று அந்தக் காலத்து வாசகர்கள் பலர் உடனே கண்டுகொண்டார்கள். பொய் சொன்ன சிறுமி திடீரென்று செத்த கதையுள்ள துண்டுப் புத்தகத்தை அவர் ஜேனிடம் நீட்டுகிறார். நரகத்துக்குப் போகாமலிருக்க என்ன செய்வாய் என்று கேட்கிறார். உடம்பைப் பார்த்துக்கொண்டு சாகாமல் இருப்பேன் என்ற பொருளில் பத்து வயதுப் பெண் பதில் சொல்கிறாள். குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது வைத்திய ரீதியில் சரியான பதில்.

பள்ளியில் காய்ச்சல் பரவி, பிள்ளைகள் கொத்தாகச் சாகிறார்கள். அந்த இடத்தில் 'சில்ட்ரன்ஸ் ஃப்ரெண்ட்' என்றால் ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று முடித்திருக்கும். சார்லட் முடிக்கவில்லை. விசாரணை நடந்தது என்கிறார். பள்ளி இருந்த ஈரப்பள்ளம், சமைக்கப் பயன்பட்ட கெட்ட நீர், போதாத உணவு, குளிருக்குத் தாங்காத துணி என்று காரணங்களை அடுக்குகிறார். அதற்கு வெகு முன்பே, கருகிய கஞ்சியை ஒரு காலை நேரம் முழுக்க வாசகரின் மூக்குக்கு நேரே வைத்துவிட்டார்.

இங்கே நம் ஆட்கள் ஒரு கேள்வி கேட்கலாம். அக்கா மரியாவை வைத்துப் படைத்த ஹெலன் பர்ன்ஸ் என்ற சிறுமி, கடவுளை நம்பிக்கொண்டு அமைதியாகத்தானே அதே நாவலில் சாகிறாள்? ஆமாம். அவள் நம்பிக்கையை ஆசிரியர் கேலி செய்யவும் இல்லை. ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் ஜேனைக் கேள்வி கேட்க விட்டிருக்கிறார்: அந்தக் கடவுள் எங்கே, எப்படிப்பட்டவர் என்று. கதையைச் சொல்லப் பிழைத்திருப்பது கேட்டவள்தான். பிற்பாடு இந்தியாவுக்கு மிஷனரியாகப் புறப்படும் செயிண்ட் ஜான் ரிவர்ஸ், தன்னை மணந்துகொள்வது தேவ சித்தம் என்று வற்புறுத்தும்போதும், காதல் இல்லாத கல்யாணத்துக்குக் கடவுளின் கையெழுத்தை வாங்கி வராதே என்பதுதான் அவள் நிலை. நம்பிக்கையாளர் எழுதிய வரிகள் இவை.

சாவுக்கு மண்ணிலேயே காரணம் தேடும் இந்தப் பார்வைக்கு ஹாவர்த்தும் பொருத்தமாகத்தான் இருந்தது. கிராமத்துத் தண்ணீர் சரியில்லை என்று சுகாதார வாரியத்துக்கு ஊர்க்காரர்களோடு சேர்ந்து மனுப் போட்டவர் பேட்ரிக் பிராண்ட்டி. பிரார்த்தனையை நிறுத்தவில்லை; ஆனால் பொறியாளரையும் கேட்டார். வந்தவர் பெஞ்சமின் பாபேஜ். அவருடைய 1850 அறிக்கைப்படி ஊரில் சராசரியாகச் சாகும் வயது 25.8. ஆறு வயதுக்குள் செத்தவர்கள் 41.6 சதவீதம். நிரம்பி வழியும் கல்லறைத் தோட்டம், வீடுகளை ஒட்டிய மலக்குழி, கெட்டுப்போன குடிநீர் என்று அறிக்கை பேசுகிறது. அம்மை வந்த பிள்ளைமேல் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய நாட்டில் பிறந்தவனுக்கு, சாக்கடையைக் கைகாட்டும் அந்தத் தாள்கள் வேதாகமத்தைவிடப் பரிசுத்தமாகத் தெரிந்தால் மன்னியுங்கள்.

நாவலுக்குக் கிடைத்த பட்டம் என்ன? 1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரெவ்யூ'வில் எலிசபெத் ரிக்பி அதைக் கிறித்தவத்துக்கு எதிரான படைப்பு என்று எழுதினார். பணக்காரரின் சுகத்தையும் ஏழையின் குறையையும் பற்றி முணுமுணுப்பது கடவுளின் ஏற்பாட்டையே குறை சொல்வதாகும் என்பது அவர் வாதம். முற்பிறவிப் பலன், தலையெழுத்து என்று கேட்டுப் பழகிய நமக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. போலிப் பக்தியைத் தாக்குவது மதத்தைத் தாக்குவதாகாது என்று சார்லட் இரண்டாம் பதிப்பின் முன்னுரையிலேயே விளக்கம் சொல்லியிருந்தார். விளக்கம் எடுபடவில்லை. ஆளும் வசதிக்கும் கடவுளுக்கும் ஒட்டுப்போட்டு வைத்திருப்பவர்களிடம் அது எடுபடாது.

1857-இல் எலிசபெத் கேஸ்கெல் எழுதிய சார்லட்டின் வாழ்க்கை வரலாறு வெளிவந்து, கோவன் பிரிட்ஜின் கதையை ஊருக்கே உரக்கச் சொன்னது. காய்ச்சல் பரவிய நாளில் பள்ளிக்கு வந்த மருத்துவர், பிள்ளைகளின் உணவை ருசி பார்த்துத் துப்பினார் என்பதும் அதில் இருக்கிறது. கேரஸ் வில்சன் தரப்பு கொதித்தது. வழக்கு மிரட்டல் எழுந்தது, மூன்றாம் பதிப்பில் சில பகுதிகள் மென்மையாக்கப்பட்டன, பத்திரிகைகளில் மாதக்கணக்கில் கடிதப் போர் நடந்தது. தேவ சித்தத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. கடிதங்களில் நடந்த சண்டையோ ரொட்டி நன்றாக இருந்ததா, இறைச்சி கெட்டிருந்ததா, பால் எப்படி இருந்தது, சமையற்காரியை எப்போது வேலையைவிட்டு நிறுத்தினார்கள் என்பதைப் பற்றியது.