வீடு புகுந்த ஆமை

என் அறையில் ஓர் ஆமை இருக்கிறது. சுல்காட்டா இனம். சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் உள்ள சஹேல் நிலப்பகுதியைச் சேர்ந்தது. பதினெட்டு மாதங்களுக்கு முன்பு, உரிய அனுமதித் தாள்களோடு வாங்கி வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது. அம்மா பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்வாங்க. உனக்கு வேற எதுவும் கிடைக்கலையாடா?"

நான் சிரித்தேன். ஆமை புகுந்த வீட்டைப் பற்றித்தான் நம்மிடம் பழமொழி இருக்கிறது. வீடு புகுந்த ஆமை என்ன ஆனது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அதை நானே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

விற்றவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "பாலைவனத்து ஆமை. காய்ஞ்ச இடமா வச்சா போதும்." எனக்கும் அது சரியாகவே பட்டது. கண்ணாடித் தொட்டி, காய்ந்த மண், மேலே சூட்டு விளக்கு. மூடி கிடையாது. பூச்சோங்கில் நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் மதியமும் இரவும் ஏர்கோன் ஓடும். ஏழு மாதம் கழித்து ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் குட்டிக் குன்று போல மேலே எழும்பியிருந்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்து நண்பர்களுக்குப் படம்கூட அனுப்பினேன். விலங்கு மருத்துவர் தொட்டுப் பார்த்தார். "ஈரம் பத்தல. இனிமே வளர்றதைச் சமமா வளர்க்கலாம். எழும்பினது இறங்காது."

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். ஸ்கூடாயில் இயந்திரப் பொறியியல் படித்தேன். கட்டடங்களுக்குக் குளிரூட்டி அமைப்புகளை வடிவமைப்பது என் வேலை. வெளியே எண்பது விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் நம் ஊர்க் காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுத்துக் குழாய் வழியே வெளியேற்றுவதுதான் பாதி வேலை. 24 பாகையில் 55 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும் அறைக் காற்றை விளக்கு வைத்து 32 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 34 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். இரண்டே வரிக் கணக்கு. உலகத்தின் ஈரமான நாடுகளில் ஒன்றில், என் அறைக்குள் ஒரு வறட்சியை நானே வடிவமைத்திருக்கிறேன்.

பாலைவனத்து ஆமைக்கு எதற்கு ஈரம்? நாம் பாலைவனத்தை வரைபடத்தில் பார்க்கிறோம். ஆமைக்குஞ்சு வரைபடத்தில் வாழவில்லை. கொளுத்தும் நேரத்தை அது வளைக்குள்ளோ புல் புதருக்கு அடியிலோ கழிக்கிறது. அங்கே மண் ஈரமாக இருக்கும். வெட்டவெளியில் வீசும் காற்றுக்கும் அதன் முதுகைத் தொடும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. 2003இல் வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதே இனத்துக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்து ஆய்வு வெளியிட்டார்கள். காய்ந்த சூழலில் வளர்ந்தவற்றுக்குத்தான் ஓடு அதிகம் எழும்பியது. எல்லாரும் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த புரதத்துக்கு இதில் பங்கு குறைவு.

"தெரியாம செஞ்சதுதானே, விடுடா," என்றான் நண்பன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் குஞ்சுகளைக் காய்ந்த தொட்டியில்தான் வளர்த்திருக்கிறார்கள். ஆனாலும் என்னால் விட முடியவில்லை.

முதல் காரணம், என் அறியாமை அவ்வளவு அப்பாவியானது இல்லை. ஒரு வாடிக்கையாளர் தன் கணினி அறைக்குக் குளிரூட்டி கேட்டால் நான் இருபது கேள்வி கேட்பேன். உள்ளே எத்தனை இயந்திரம், எவ்வளவு வெப்பம், காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது. உயிருள்ள ஒன்றுக்கு 'பாலைவனம்' என்ற ஒரே சொல் எனக்குப் போதுமாக இருந்தது. தெரியாமல் இருந்தேன் என்பதைவிட, கேட்காமல் இருந்தேன் என்பதே உண்மை.

இரண்டாவது காரணம்தான் என்னைத் தூங்கவிடாதது. சஹேலில் மழை பொய்த்து ஓர் ஆமையின் ஓடு எழும்பினால் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது தன் காலால் நடந்து இன்னும் ஈரமான இடத்தைத் தேடலாம், மண்ணைத் தோண்டிக் கீழே போகலாம். தொட்டிக்குள் அதற்கு அந்த வழி இல்லை. வழியை அடைத்தவன் நான். அடைத்த அந்த நிமிடமே அதன் மழைக்கும் வெயிலுக்கும் நான் பொறுப்பாகிவிட்டேன். குற்றத்தை விற்றவரோடு பங்கு போடலாம், பழைய நம்பிக்கைகளோடு பங்கு போடலாம். பொறுப்பை அப்படிப் பங்கு போட முடியாது என்றே நினைக்கிறேன். இனி ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் அந்த மூடியைத் திறந்து பார்த்தாக வேண்டும். அந்த ஒருவர் நான்தான்.

மருத்துவரைப் பார்த்த பிறகு நான் செய்ததையும் மறைக்கக் கூடாது. பயத்தில் மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தேன். மண் சேறானது. ஏர்கோனை மட்டும் நிறுத்தவில்லை. ஈரமும் குளிரும் சேர்ந்தால் ஆமைக்கு நெஞ்சுச் சளி பிடிக்கும். ஒருநாள் காலையில் அதன் மூக்கில் சின்னக் குமிழ் ஒன்று தெரிந்தது. மூடியில் ஒட்டியிருந்த ஈரமானியோ 85 என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து நான்தான் நிம்மதியானேன், ஆமை இல்லை. அன்றைக்குப் புரிந்தது. இத்தனை நாளும் என் மனசாட்சிக்குத்தான் தண்ணீர் தெளித்திருக்கிறேன். குற்ற உணர்ச்சியை நான் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குற்ற உணர்ச்சியில் தவித்தபோதும் நான் பார்த்தது என்னைத்தான்.

இப்போது தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்பியிருக்கிறேன். தண்ணீரை மூலைகளில் ஊற்றினால் அடிப்பகுதி ஈரமாக இருக்கும், மேல்பகுதி சேறாகாது. மேலே மூடி. ஈரமானியை ஆமையின் முதுகு உயரத்துக்கு இறக்கிவிட்டேன். எண்பதுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறேன். இரவில் 27 பாகைக்குக் குறையாமல் ஒரு சூட்டுக் கருவி. ஏர்கோனை நிறுத்திவிட்டேன். காற்றாடிக்குக் கீழே வேர்த்துக்கொண்டுதான் தூங்குகிறேன். இதை நான் தியாகம் என்று சொல்லவில்லை. இதே காற்றில்தான் தாத்தா தோட்டத்து லயத்தில் அறுபது வருஷம் தூங்கினார்.

ஓட்டை ஆமையின் வீடு என்று சின்ன வயதில் கதைகளில் படித்தோம். அது வீடில்லை, உடம்பு. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து அகன்றதுதான் ஓடு. தொட்டால் அதற்குத் தெரியும். மருத்துவர் தொட்டபோது அது பின்கால்களை அசைத்தது நினைவிருக்கிறது.

இந்த இனம் நாற்பது கிலோவுக்கு மேல் வளரும். என்னைவிட அதிக காலம் வாழவும் வாய்ப்பிருக்கிறது. அடுக்குமாடியில் அதை எத்தனை வருடம் வைத்திருக்க முடியும், பிறகு யாரிடம் கொடுப்பது? வாங்கியதே தவறா? இப்போது கேட்டால், வாங்கியிருக்க மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் இங்குள்ள காட்டில் விட முடியாது. சஹேலுக்கும் அனுப்ப முடியாது. வாங்கியது தவறு என்று ஒப்புக்கொள்வதால் இன்றைய வேலை குறைந்துவிடாது.

காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் அதை உட்கார வைக்க வேண்டும். நான் வேலைத்தளத்துக்குச் சீக்கிரம் கிளம்பும் நாட்களில் அம்மா செய்கிறார். தண்ணீரை முழங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவார், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல. போன வாரம் கூப்பிட்டுக் காட்டினார். குன்றுகளைச் சுற்றி, வெளிர் மஞ்சள் நிறத்தில் புதிதாக ஒரு கோடு வளர்ந்திருந்தது.

"இது தட்டையாத்தான்டா இருக்கு," என்றார்.

விரலை வைத்துப் பார்த்தேன். தட்டையாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே அந்த ஏழு மாதமும் இருந்தது.