துளியா, ஓட்டமா?

கேகாலை இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்கோட்டில் இழையாக வழிகிறது. தகரப் பீலியின் நுனியில் சொட்டாகிச் சிரட்டையில் விழுகிறது. உலகின் அடிப்படை இவற்றில் எது? மணிமேகலையில் ஆசீவகவாதி நால்வகை அணுவையும் உயிரையும் சொல்கிறார். கேள்வி அவ்வளவு பழையது.

1924இல் டாக்காவில் சத்தியேந்திரநாத் போஸ், இடமும் உந்தமும் சேர்ந்த அவத்தை வெளியைச் சிற்றறைகளாகப் பகுத்தார். ஓர் அறையின் பருமன் பிளாங்க் மாறிலியின் மூன்றாம் அடுக்கு. ஒளித்துகள்கள் அந்த அறைகளில் எத்தனை விதமாக அமையும் என்று எண்ணியே பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் பெற்றுவிட்டார். அவருடைய கட்டுரையை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டவர் ஐன்ஸ்டைன்.

அந்த அறைச்சுவர்கள் இயற்கையில் இருக்கின்றனவா?

1932இல் இயற்பியலாளர் விக்னர் அதே அவத்தை வெளியின் மேல் சுவரே இல்லாத தொடர்ச்சியான சார்பு ஒன்றை எழுதினார். அது சில இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே போகும். ஆகவே சாதாரண நிகழ்தகவாக அதைக் கொள்ள முடியாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஜார்ஜ் சுதர்சன் 1963இல் ஒளிக்கு இன்னொரு தொடர்ச்சியான விவரிப்பைத் தந்தார். குவாண்டம் வந்ததால் துளிவாதம் வென்றது என்று மேடைகளில் முழங்குவது, இவர்கள் உழைப்பையே மறைக்கும் அவசரம். எந்த விவரிப்பு பொருந்தும் என்பதைப் பொருளின் நிலைகளே தீர்மானிக்கின்றன: இரண்டே நிலைகள் கொண்ட இலத்திரன் சுழற்சிக்கு நான்கு புள்ளிகளாலான அவத்தை வெளியே போதும் என்று 1987இல் வூட்டர்ஸ் காட்டினார்.